விமானத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர்

மேலக்கருங்காட்டுப் பஞ்சாயத்துக்குச் சொந்தமாக ஒரு விமான நிலையம் உண்டு. அதில் விமானங்கள் இறங்கும். ஏறாது. இதில் குறைப்பட ஒன்றுமில்லை. சில ஊர்களில் குழாய் இருக்கிறது, தண்ணீர் வருகிறதா?

காரணம் ஊருக்கே தெரியும். ஓடுதளத்தின் ஓரத்தில் சுடலைக்கண்ணு மாமா டீக்கடை வைத்திருக்கிறார். விமானம் ஓடத் தொடங்கியதும் டவராவோடு வெளியே வந்து, "எங்க போறிய?" என்று கேட்டுவிடுவார். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது. மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். கிளம்பும்போது பின்னாலிருந்து எங்கே என்று கேட்டால் போகிற காரியம் உருப்படுமா? விமானம் திரும்பி வந்துவிடும். சற்று நேரம் உட்காரும். ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கும். அதற்குள் வெயில் ஏறிவிடும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள்.

இப்படி இறங்கியவர்களெல்லாம் இங்கேயே பெண்ணெடுத்துவிட்டார்கள். வழி கேட்க இறங்கிய கேப்டன் ராயப்பன் இப்போது இரண்டாவது வார்டு மெம்பர்.

நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறவள் வடிவு. அன்று அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தவசி கோவில்பட்டி மண்டபத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் விமான நிலையத்துப் பெண் பஸ்ஸில் போய் இறங்கினால் ஊர் மானம் கப்பலேறிவிடும்.

போன் வந்தது.

"வடிவு, நல்ல நேரம் வந்து உக்காந்திருக்கு."

"எங்க?"

"எங்க அம்மா பக்கத்துல. ரெண்டு காப்பி ஆச்சு. வாட்ச்சையே பாத்துக்கிட்டு இருக்கு."

"எந்திரிச்சுப் போனா?"

"இனி அடுத்த தைக்குத்தான் வருவேன்னு கறாரா சொல்லிட்டுது."

தவசிக்காக ஆறு வருஷம் வீட்டில் சண்டை போட்டவள் வடிவு. இன்னொரு தை வரை தாங்காது. நேராக டீக்கடைக்குப் போனாள்.

"மாமா, இன்னைக்கு மட்டும் வாயத் தொறக்காம இருங்க."

"நான் எதுக்குட்டி கேக்கப் போறேன்? நீ கல்யாணத்துக்குப் போறேன்னு எனக்குத் தெரியாதா?"

கேப்டன் சாவியைத் திருப்பினார். விமானம் ஓடியது. முன்சக்கரம் தரையை விட்டது.

"ஏட்டி வடிவு, எங்க போற?"

விமானம் திரும்பி வந்தது. உட்கார்ந்தது. தண்ணீர் குடித்தது.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன் மாமா கேட்டிய?"

"எனக்குத் தெரியும்ட்டி. வாய்க்குத் தெரியாதுல்லா."

அவர் சொன்னதில் தப்பில்லை. அவரே ஒரு அதிரசத்தை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். விமானம் மறுபடி ஓடியது. இந்தத் தடவை டீக்கடைப் பாய்லர் கேட்டது. அத்தனை வருஷம் அவரோடு இருந்த பழக்கதோஷம். யாரும் அதைத் திட்டவில்லை.

வடிவு முகூர்த்தப் புடவையோடு இறக்கைமேல் ஏறி நின்றாள். "பின்னால ஆள் இருந்தாத்தான கேக்கும்? எல்லாரும் ஏறுங்க!"

எல்லாரும் ஏறினார்கள். நாலு பேர் உட்காரும் விமானம். ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்ததில் ஊரே கொண்டது. பாய்லரை ஒரு ஆச்சி மடியில் வைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் யாருக்கு என்பதில் மட்டும் ஒரு சின்னத் தகராறு. கீழே ஒரு ஈ காக்கை இல்லை. விமானம் கிளம்பியது.

"எல்லாரும் எங்க போறிய?"

ஓடுதளம்தான் கேட்டது.

விமானத்துக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு வடிவு கீழே இறங்கினாள். நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்றுதான் இறங்கினாள். வெயிலில் ஓடுதளம் தன்னந்தனியாகக் கிடந்தது. ஊர் முழுக்கப் பத்திரிகை வைத்தவள், இதற்கு வைக்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாவமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. மறுபடி ஏறி, வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். அதன் வெள்ளைக் கோட்டின்மேல் ஒரு குங்குமப்பொட்டு வைத்தாள்.

"குறையா நெனைக்காத. கல்யாணத்துக்கு நீயும் வரணும்."

ஓடுதளம் உடனே எழுந்துகொண்டது. அதைப் பாய் மாதிரி சுருட்டிப் பின்சீட்டுக்கு அடியில் வைத்தார்கள்.

"ஓடுதளம் இல்லாம எப்படிம்மா கெளம்ப?" என்றார் கேப்டன்.

"அதான் உள்ள இருக்குல்லா."

அது சரிதான். விமானம் ஏறியது. மேலே போனதும் மெம்பர் என்பதை மறந்து கேப்டன் கொஞ்சம் அழுதார்.

கோவில்பட்டியில் மண்டபத்துக்கு முன்னால் ஓடுதளத்தை விரித்து இறங்கினார்கள். அது மாப்பிள்ளை வீட்டார் காரையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டது. வடிவு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினாள்.

நல்ல நேரம் செருப்பை மாட்டிவிட்டிருந்தது. கையில் மஞ்சப்பை. தவசி மாலையோடு பின்னாலேயே வந்து கெஞ்சிக்கொண்டிருந்தான். அது காதில் வாங்கவில்லை. வாசல்படி இறங்கி, தெருவில் கால் வைத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பியது.

அடுத்த தை. வடிவு சட்டென்று திரும்பினாள்.

"மாமா! இப்பக் கேளுங்க!"

சுடலைக்கண்ணு மாமா அதிரசத்தை விழுங்கினார். கேட்காதே என்றுதான் உலகம் அவரிடம் சொல்லியிருக்கிறது. கேள் என்று ஒருத்தி சொன்னது இன்றைக்குத்தான். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்.

"ஐயா, எங்க போறிய?"

நல்ல நேரம் நின்றது. ஒரு பெருமூச்சு விட்டது. திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தது.

வடிவு அதன் கையில் ஒரு பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் கொடுத்துவிட்டு மணையில் போய் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. தவசி தாலி கட்டி மூன்றாவது முடிச்சும் விழுந்தபோது சொம்பில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது.