மேற்படியின் பேரன்

பல்செட்டுக்காரருக்கு ஊரில் பாதிப் பேருடைய வாய் தெரியும். ஒருவருடைய முகமும் தெரியாது. முன்னறையில் டாக்டர் சொல்ல, நோயாளிகள் ஆவென்று திறப்பார்கள். அந்த வாயின் அச்சு மட்டும் பின்னறைக்கு வந்து சேரும். ஜன்னலோர மேசையில் வெள்ளைத் தாடைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்க, இவர் மேலையும் கீழையும் பொருத்திப் பார்ப்பார், உரசுகிற இடத்தை ராவுவார், மெருகேற்றி அனுப்புவார். மறுநாள் முன்னறையில் யாரோ புதுப் பல்லோடு சிரிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். சம்பளம் தவிர அந்தத் தொழிலில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு ஈ, காக்காய் கிடையாது. மனைவி வழியில் ஒரு பட்டாளமே உண்டு. மச்சான்கள், மச்சினிகள், சகலைகள், அந்தச் சகலைகளுக்கு வேறு வழியில் வாய்த்த சகலைகள். எல்லாரும் இவரை வாய் நிறைய "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அது பதவி, உறவு அல்ல. இவருக்குப் பதில் வேறொருவர் தாலி கட்டியிருந்தால் அவரும் மாப்பிள்ளைதான். கல்யாணப் போட்டோவில் மனைவி பக்கத்து ஆட்கள் சட்டத்துக்குள் அடங்காமல், ஓரத்தில் நின்ற சிலருக்கு ஒரு காது மட்டும் பதிவாகியிருக்கும். இவர் பக்கத்து ஆளாக டாக்டர் மட்டும் நிற்கிறார். அவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பா குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவர். நம் வம்சம் எது என்று கேட்டால், "படமே என்கிட்டேருந்துதான்டா ஆரம்பம். எனக்கு முன்னாடி ஓடினதெல்லாம் விளம்பரம்" என்று சொல்லிச் சிரிப்பார். சிரித்தபடியே போயும் சேர்ந்துவிட்டார். மகனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கேயாவது ஒரு வீட்டு வாசலில், "அண்ணா, செருப்ப ஓரமா விடேன், எத்தன தடவ சொல்றது!" என்று எவளாவது எவனையாவது அதட்டினால்கூட இவருக்கு நெஞ்சுக்குள் ஏதோ உரசும். அந்த இடத்தை ராவ அவரிடம் கருவி இல்லை.

அதனால்தான் பதிவு அலுவலகத்துக்கு நடக்க ஆரம்பித்தார். அப்பாவின் பிறப்புப் பதிவுக்கு மனுப் போட்டு, அலைந்து, கடைசியில் நகல் ஒன்று கையில் கிடைத்தது. குழந்தையின் பெயர் சரி, தேதி சரி. தந்தையின் பெயர் என்ற இடத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது: மேற்படி.

பழைய காலத்து எழுத்தர்கள் மணிக்கட்டை மதித்தவர்கள். மேல்வரியில் உள்ளதே கீழ்வரியிலும் வருமென்றால் மறுபடி எழுதமாட்டார்கள். மேற்படி என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நகல் எடுத்தவர் அவர்களுக்கும் மேல். கேட்ட வரியை மட்டும் உள்ளது உள்ளபடி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"மேற்படின்னா யாருங்க?"

"மேல இருக்கறவர்."

"மேல யார் இருக்கார்?"

"அதுக்குத் தனியா மனு எழுதணும்."

தனியாக மனு எழுதிக் கொடுத்துவிட்டு, மேற்படியின் பேரன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் தராசு அறிமுகமானார்.

தராசு என்பது ஊர் வைத்த பெயர். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்கக் கடைகடையாகப் போய் எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்தவருக்கு, ஓய்வுக்குப் பின் தூக்கிப் பார்க்க எதுவும் இல்லை. தன் பரம்பரையைத் தூக்கிப் பார்த்தார். நினைத்ததைவிட அது கனமாக இருந்தது. அவருடைய கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தியிருக்கலாம். உடனே 'பரம்பரை ஆய்வுப் பேரவை' பிறந்தது. தலைவர் அவர், செயலாளர் அவர், எதிர்க்கட்சி அவர் மனைவி. மூதாதை ஒரு படைத்தளபதி என்று பேரவை ஒருமனதாகக் கண்டுபிடித்தது. கூடத்துச் சுவரில் துருவேறிய வாள் ஒன்று சாட்சியாகத் தொங்கியது.

குடும்ப மரத்தைப் பெரிதாக அச்சடித்து, உறவுக்கூட்டம் கூட்டி, மலர் வெளியிடுவது திட்டம். ஒரே ஒரு குறை. அவருடைய சின்னத் தாத்தாவின் கிளை மொட்டையாக நின்றது. அச்சில் பார்க்க லட்சணமாக இல்லை. அந்தக் கிளையில் ஓர் இலையாவது ஒட்டவைக்க அவர் பழைய பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பக்கத்தின் கடைசி வரியில் சின்னத் தாத்தாவின் மகள் பிறந்திருந்தாள். எதிர்ப்பக்கத்தின் முதல் வரியில் ஒரு பையன். தந்தை: மேற்படி.

"இந்தப் பேர்ல யாராவது இருக்காங்களா?" என்று அவர் அந்தப் பையனின் பெயரை வாய்விட்டுப் படிக்க, பெஞ்சில் இருந்தவர் எழுந்து நின்றார்.

"அது எங்கப்பாங்க."

தராசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "தம்பி! நீ நம்ம ரத்தம்டா! தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்வாங்களே, பாரு, ஆடுது!"

ஆடியது தொப்பைதான். பல்செட்டுக்காரருக்கும் அது தெரிந்தது. தெரிந்தும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தராசு வீட்டில் அறிமுகம். படைத்தளபதி குதிரையில் ஏறி, போருக்குப் போய், திரும்பி வருவதற்குள் மூன்று முறை டீ ஆறியது. வாளைப் பக்கத்தில் போய்ப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டிருந்தவரின் காதோரம் ஒரு பெண் குரல்: "ரொம்ப உத்துப் பாக்காதீங்கண்ணா. பழைய வீட்டுல பின்கதவுக்குத் தாழ்ப்பாளா இருந்துச்சு அது."

தராசின் தங்கை. கடைத்தெரு மாடிப்படிக்குக் கீழே, ஓர் ஆள் நின்றால் இன்னோர் ஆள் உட்காரவேண்டிய இடத்தில், பைகளுக்கு ஜிப் மாற்றும் கடை வைத்திருப்பவள். ஊருக்கு ஜிப்புக்கடைக்காரி. பல்செட்டுக்காரர் தாழ்ப்பாளுக்காகச் சிரித்தார். பிறகுதான் அந்த 'அண்ணா' உள்ளே போய் விழுந்தது. வீடு திரும்பும்வரை அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கிய மிட்டாய் மாதிரி வைத்திருந்தார், கடிக்கவில்லை.

அதன்பிறகு வாரம் தவறாமல் அவள் போன் பண்ணினாள். "அண்ணா, இன்னிக்கு ஒருத்தர் பெட்டிய திறக்க முடியலன்னு தூக்கிட்டு வந்தாரு. உள்ள என்னன்னு கேட்டா, சாவிங்கறாரு." சிரிப்பாள். சிரிப்புக்கு நடுவே, யாரிடமும் சொல்லாததைச் சொல்வாள். புருஷன் ஒருநாள் சட்டை வாங்கக் கடைக்குப் போகிறேன் என்று போனவன், இன்னும் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறானாம். "பெரியண்ணன்கிட்ட சொல்லலையா?" என்று இவர் கேட்டார். "அவர்கிட்ட பேசினா மனு குடுக்கற மாதிரி இருக்குண்ணா. தேதி போட்டியான்னு கேப்பாரு." பின்னறையில் தாடைகளுக்கு நடுவே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இவர் "ம்... ம்..." என்பார். டாக்டர் எட்டிப் பார்த்து, "யாரு?" என்றால், "தங்கச்சி" என்பார். ஒருநாள் டாக்டர் கேட்காமலே சொன்னார்.

உறவுக்கூட்டம் நெருங்கியது. மலரில் போட, அந்த இரண்டு பக்கங்களையும் போட்டோ எடுத்துவரும் பொறுப்பைத் தராசு இவரிடம் கொடுத்தார். பதிவறைப் பொறுப்பாளர் பெண்மணி வாயில் எதையோ மென்றபடி தொகுதியைக் கொண்டுவந்து போட்டார். தூசி எழுந்து அடங்கியது.

"எந்தப் பக்கம்? இதுவும் இதுவுமா? ரெண்டும் சேர்ந்த பக்கம் இல்லீங்களே."

"எதிரெதிராத்தானே இருக்கு?"

"இருக்கு. பூச்சி ஓட்டையப் பாருங்க." அவர் விரலை வைத்தார். முன்பக்கங்களில் எல்லாம் மூலையோரம் ஒரே இடத்தில் ஓட்டை. அப்பா இருந்த தாளில் மட்டும் ஓட்டை நடுவில். "ரெண்டு வருஷத்து ஏட்டை ஒண்ணாத் தச்சிருக்காங்க. தாள் மாறிப்போச்சு. பைண்டிங் ஆளுங்க பண்ற வேலை."

"பூச்சி தாண்டிப் போயிருக்கலாமில்ல?"

"பூச்சி தாண்டாதுங்க. தின்னுக்கிட்டேதான் போகும்."

சொல்லிக்கொண்டே பின்பாதியைப் புரட்டி, நடுவில் ஓட்டையுள்ள பக்கங்களுக்கு வந்து, ஒரு தாள் விடுபட்ட இடத்தில் நிறுத்தினார். தேதியும் தொடர்ந்தது, மையும் ஒரே மங்கல். அந்தப் பக்கத்தின் அடியில், குழந்தைகள் இல்லத்தில் விடப்பட்ட பிள்ளைகளை ஒரே நாளில் மொத்தமாகப் பதிந்திருந்தார்கள். முதல் பிள்ளைக்குத் தந்தை: தெரியவில்லை. அடுத்ததற்கு மேற்படி. அதற்கடுத்ததற்கு மேற்படி. பக்கம் முடிகிறவரை மேற்படி. தெரியவில்லை என்பதைக்கூட இரண்டாம் முறை எழுத எழுத்தருக்குக் கை வரவில்லை.

ஆக, தேடிய தாத்தா கிடைத்துவிட்டார்.

"எந்தப் பக்கம் போட்டோ எடுக்கறீங்க?" என்று பொறுப்பாளர் கேட்டார். இவர் எந்தப் பக்கத்தையும் எடுக்கவில்லை.

தராசு விஷயத்தை நின்றபடியே கேட்டார். பிறகு உட்கார்ந்தார். பிறகு சிரித்தார்.

"பூச்சி சொல்றதையெல்லாம் வரலாறா எடுத்துக்க முடியுமா?"

"இல்லீங்கண்ணா, தேதி, மை எல்லாம்..."

"மலர் அச்சுக்குப் போயாச்சு. உன் போட்டோ நாலாம் பக்கம், கலர்ல. அந்த ரெண்டு பக்கப் படம் இல்லாட்டி என்ன, தளபதி படத்த இன்னும் கொஞ்சம் பெருசாப் போட்டுக்கறேன்."

"உண்மைன்னு ஒண்ணு..."

"உண்மையப் பத்தி என்கிட்ட பேசாத. எடைக்கல்லு பாத்தவன் நான். பத்து கிராம் முன்னபின்ன இருந்தா நாங்களே கண்டுக்க மாட்டோம். வாய மூடிட்டு வந்து மேடையில உக்காரு."

கௌரவத்தில் பெரிய வசதி இது: தவறு செய்யலாம், திருத்திக்கொள்ள வேண்டாம். தராசு வாய் திறக்கமாட்டார். இவரும் மூடிக்கொண்டால் எதுவுமே நடக்கவில்லை. வாராவாரம் போன் வரும், அண்ணா வரும்.

வரத்தான் செய்தது. ஆனால் இவருக்கு இப்போது அது வலித்தது. வேறொருவர் வாய்க்குச் செய்த பல்செட்டைப் போட்டுக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்கலாம். சாப்பிட முடியாது. அவள் ஒரு தடவை சிரிக்காமல், "நீங்க கிடைச்சப்புறம்தாண்ணா எனக்கும் ஆள் இருக்குன்னு தோணுது" என்றாள். இவர் டாக்டரிடம் சொல்லிக்கொள்ளாமல் சட்டையில் ஒட்டிய வெள்ளைப் பொடியோடு கடைத்தெருவுக்கு நடந்தார்.

அவள் ஒரு பள்ளிக்கூடப் பையை மடியில் குப்புறப் போட்டு மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தாள். இவர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மெஷின் நின்றது.

"பூச்சியா?"

"பூச்சிதான்."

முதலில் சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுத் தளபதிய ஒரு பூச்சி சாச்சிருச்சா! அப்ப, அண்ணா, நீங்க..." என்று ஆரம்பித்தவள் அந்தச் சொல்லில் கால் இடறினாற்போல் நின்றாள். பையின் வாரை நீவி விட்டாள். மறுபடி நீவினாள்.

"என் வீட்டுக்காரர் போன கதையெல்லாம் உங்ககிட்ட சொன்னேனே."

"ம்."

"வெளி ஆளுகிட்ட சொல்ற விஷயமா அது?"

இவர் சட்டையில் ஒட்டிய வெள்ளைப் பொடியைத் தட்டினார்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்தான்."

அப்போது பெரிய பெட்டியோடு ஒரு அம்மாள் வந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாரும்மா, கூடப் பிறந்தவரா? மூக்கு அச்சு அசல் அப்படியே இருக்கு."

"இல்லீங்க" என்றாள் அவள், ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே. "தெரிஞ்சவர்."

தெரிஞ்சவர் வழிவிட்டு ஒதுங்கி, படிக்கட்டில் தலை இடித்துக்கொண்டு, தெருவுக்கு வந்தார். உறவுக்கூட்டம் நடந்தது. அவர் போகவில்லை. நாலாம் பக்கத்தில் அவருடைய போட்டோ கலரில் போனது.

போன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. வீட்டில் போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு, அது ஏதோ முட்டையிடப் போவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி பொறுத்துப் பார்த்தாள்.

"நீங்க பண்ணீங்களா?"

"அவதானே எப்பவும் பண்ணுவா."

"அதான் கேக்கறேன். ஒரு தடவையாவது நீங்களா பண்ணியிருக்கீங்களா?"

இவர் யோசித்தார். இல்லை. ஒரு தடவைகூட இல்லை. சொந்தம் என்பது தனக்கு வரவேண்டிய பாக்கி என்று நினைத்து உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"எனக்கு மட்டும் இத்தன பேர என்ன, பதிவு ஆபீஸ்லயா குடுத்தாங்க?" என்றாள் மனைவி. "பேசி, சண்ட போட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு, வெக்கமில்லாம மறுபடி நானே போன் பண்ணி வச்சிருக்கேன். பண்ணுங்க. எடுக்கலன்னா நாளைக்கும் பண்ணுங்க."

பண்ணினார். மணி நீளமாக அடித்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்க."

அதோடு நின்றது. அதன் வாலில் எப்போதும் தொங்கும் சொல்லைக் காணோம்.

"சும்மாதான்" என்றார் இவர். "கூட்டமெல்லாம் நல்லா நடந்துதா?"

"நடந்துது. பாதிப் பேரு மலர வச்சு விசிறிக்கிட்டிருந்தாங்க. நாலாம் பக்கம் நல்லா விசிறுதாம்."

இவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் வைக்கவும் இல்லை. பின்னால் மெஷின் விட்டு விட்டு ஓடியது. மழை பற்றிப் பேசினார்கள். நூல் சாயம் போவது பற்றிப் பேசினார்கள். ஒருவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் பேசுவது லேசான காரியமில்லை. துடைத்த ஈரத்தரையில் நடப்பவள் மாதிரி அவள் ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றின் முடிவிலும் இவர் காத்திருந்தார். அந்த இடம் ஒவ்வொரு தடவையும் காலியாகவே இருந்தது.

"சரி, ஆள் வந்திருக்காங்க. வைக்கறேன்."

"ம். சரி."

"அண்ணி எப்படி இருக்காங்க?"

கேட்டுவிட்டு அவள் நின்றாள். மெஷினும் நின்றிருந்தது.

"நல்லா இருக்கா" என்றார், மெல்ல. "இங்கதான் இருக்கா. தரட்டுமா?"

மெஷின் ஒரு தையல் ஓடி நின்றது.

"குடுங்க" என்றாள்.

போனை மனைவியிடம் நீட்டினார். நீட்டிவிட்டு நகராமல், அந்தப் பக்கத்துக் குரல் காதில் விழுகிற தூரத்திலேயே நின்றுகொண்டார்.