சேமிக்கப்பட்டது

என் கணவருக்கு அலுவலகத்தில் சமாதானம் என்று பட்டப்பெயர். குடியே முழுகினாலும் அவர் எழுதும் மென்பொருள் பயனரிடம் எல்லாம் நலம் என்றுதான் சொல்லும். நான் அதே அலுவலகத்தில் சோதனைப் பிரிவு. ஆபீசில் சம்பளத்துக்குக் குறை கண்டுபிடிக்கிறேன், வீட்டில் இலவசமாகச் செய்கிறேன் என்று என்னைக் கிண்டல் செய்வார்.

எங்கள் நிறுவனம் புரோகிராமர்களுக்கான எடிட்டர் ஒன்றைத் தயாரிக்கிறது. எங்கோ ஓர் ஊரிலிருக்கும் கம்ப்யூட்டரில் கிடக்கும் புராஜெக்டை, உங்கள் மேஜையிலேயே இருப்பதுபோல் திறந்து வேலை செய்யலாம் என்பது அதில் புதிதாக வரும் வசதி. இரண்டு வருடமாக அவர் மாரடித்தது இதற்காகத்தான். நான் சரி என்று கையெழுத்துப் போட்டால் வெள்ளிக்கிழமை வெளிவரும். போடாவிட்டால் அந்த வசதியைத் தூக்கிவிட்டு மீதியை வெளியிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

தூரத்துக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலைத் திறந்தேன். நடுவில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கிவிட்டு மேலும் நாலு வரி எழுதி சேவ் கொடுத்தேன். ‘சேமிக்கப்பட்டது’ என்றது எடிட்டர், கொஞ்சமும் கூசாமல்.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “எங்க சேமிச்சுது?”

“இங்கயே ஒரு நகல் வெச்சுக்கும். லைன் வந்ததும் அங்க அனுப்பிடும்.”

“அதுக்குள்ள அங்க வேற யாராவது அதே ஃபைலை மாத்தியிருந்தா? அவங்க வேலை அழிஞ்சு போகுமே.”

மூக்கைச் சொறிந்தார். “அபூர்வமா நடக்கும். அதுக்காக எல்லாரையும் பயமுறுத்தணுமா?”

இந்தப் பேச்சை நான் முன்பே கேட்டிருக்கிறேன். போன வருடம் வேலையாக நான் வெளியூரில் இருந்தபோது என் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தினமும் போனில் எல்லாம் நல்லா இருக்கு என்றே சொன்னார் இவர். குணமானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாராம். அப்போது அப்பாவுக்குப் பேச்சு இருந்தது, என்னைக் கேட்டிருக்கிறார். நான் வந்து சேர்ந்தபோது பேச்சு போய்விட்டது. இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். நான் எது சொன்னாலும் தலையாட்டுவார். மறைத்ததற்காக என் கணவரோடு நான் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம்.

மறுநாள் ‘இணைப்பில் சிறு தடங்கல்’ என்று ஒரு வரியைச் சேர்த்துக் கொண்டுவந்தார்.

“சிறுசா பெருசான்னு அதுக்கு எப்படித் தெரியும்?” என்று திருப்பி அனுப்பினேன்.

மேனேஜர் என்னைத் தனியாக அழைத்தார். “புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டோட வெச்சுக்கக் கூடாதாம்மா?”

“இது வேலைச் சண்டை சார். வீட்டுச் சண்டை இன்னும் ஆரம்பிக்கலை.”

வியாழக்கிழமை மாலை, எல்லோரும் பையை மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என் கணவர் மறுபடி வந்தார். கேபிளைப் பிடுங்கினேன். சேவ் கொடுத்தேன். ‘இணைப்பு அறுந்துவிட்டது. இதற்குப் பின் நீங்கள் எழுதியது அங்கே போய்ச் சேரவில்லை’ என்று வந்தது. வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து அதே ஃபைலை மாற்றிவிட்டுக் கேபிளைத் திரும்பச் செருகியபோது, அங்கே யாரோ மாற்றியிருக்கிறார்கள், எதை வைத்துக்கொள்வது என்று என்னைக் கேட்டது.

“இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே.”

“செஞ்சா, எப்ப சரியாகும்னு கேப்பாங்க. எனக்குத் தெரியாது.” திரையைப் பார்த்தபடியே சொன்னார். “அன்னிக்கும் அதான். நீ அழுவேன்னு பயப்படலை. அப்பா பொழைச்சுடுவாரான்னு கேப்ப. டாக்டர்கிட்டயே பதில் இல்ல. நான் என்னத்தச் சொல்லுவேன்?”

நான் தாங்கமாட்டேன் என்று நினைத்துத்தான் மறைத்தார் என்று இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தேன். தாங்காதவர் அவர்.

“தெரியாதுன்னு சொல்லியிருந்தா போதுங்க. நான் கிளம்பி வந்திருப்பேன்.”

அவர் என் கீபோர்டை இழுத்து அந்தச் செய்தியில் இன்னொரு வரி சேர்த்தார்: ‘எப்போது திரும்பும் என்று தெரியவில்லை.’

மறுபடி சோதித்தேன். கையெழுத்துப் போட்டேன்.

“என்னை மன்னிச்சுட்டியா?” என்றார்.

“தெரியலை” என்றேன்.

அவர் எழுந்து போகவில்லை. நான் மிச்ச வேலையை முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.