ஒன்றரை விநாடி

அத்தான் பஸ் டிரைவர். கூப்பிட்டால் பதில் அடுத்த ஸ்டாப்பில்தான் வரும் என்று அக்கா கிண்டல் செய்வாள். தொண்டையில் அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும், மூன்று வாரம் துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்தார். தொங்கும் சட்டைகள் எதிரொலியை விழுங்கிவிடும் என்று நான்தான் உள்ளே அனுப்பினேன். ‘சாப்டியா’, ‘ஜன்னலைச் சாத்து’, ‘ம், சொல்லு’. குரல் போன பிறகு, தொடுதிரைப் பலகையில் ஒரு சொல்லைத் தொட்டால் அது அவர் குரலிலேயே ஒலிக்க வேண்டும். அந்தக் குரலை எந்தத் தரவுத்தளத்தில் வைப்பது என்பது என் பொறுப்பு.

இரண்டு இருந்தன. இரண்டும் இலவசம், இரண்டின் மூலநிரலும் திறந்தே கிடந்தது. ஒன்று தொட்டவுடன் தரும். மற்றது ஒன்றரை விநாடி யோசிக்கும். வேகமானதை எடுத்து, ‘படித்தேன், ஏற்கிறேன்’ என்பதை வழக்கம்போல் படிக்காமலே அழுத்தினேன்.

அக்கா வக்கீல் அலுவலகத்தில் பிழை திருத்துபவள். நான் படிக்காமல் விட்ட அந்த உரிமத்தை அச்செடுத்து, மதியம் முழுக்கப் பென்சிலோடு உட்கார்ந்தாள். வெயில் தாளின் மேல் மெல்ல நகர்ந்தது. ஆபரேஷன் முடிந்து வந்திருந்த அத்தான் பக்கத்தில் கண்மூடிக் கிடந்தார்.

“இந்த வரியைப் பாருடி. குடுத்த அனுமதியை அவங்க எப்ப வேணா திரும்ப வாங்கிக்கலாமாம். வேற யாருக்கும் இதைச் சேவையா குடுக்கவும் கூடாதாம். வார்டுல இவரை மாதிரி குரல் போனவங்க இன்னும் பதினொரு பேர் இருக்காங்களே?”

“அப்புறம் பாத்துக்கலாம்க்கா. இன்னொன்னு சரியான ஆமை.”

“நிறுத்துன்னு சொல்லிட்டா, இவர் மறுபடியும் பேசாம ஆயிடுவாரா?”

எனக்கு எரிச்சலாக வந்தது. அவ்வளவு அழகான நிரலை ஒரு பென்சில் கோட்டுக்காக விட மனமில்லை. ஆனாலும் இந்த முறை உட்கார்ந்து படித்தேன். மற்றதன் உரிமம் அரைப் பக்கம்தான்: எடுத்துக்கொள், மாற்று, யாருக்கும் கொடு.

முணுமுணுத்துக்கொண்டே அதற்கு மாற்றினேன். தலைகீழாக நின்றும் அந்த ஒன்றரை விநாடியைக் குறைக்க முடியவில்லை. வெட்கத்தோடு பலகையை அத்தான் மடியில் வைத்தேன்.

“என்னங்க,” என்று சமையலறையிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

அவர் தொட்டார். ஒன்றுமில்லை. திரைச்சீலை உள்ளே வந்து, வெளியே போனது.

“ம், சொல்லு.”

அக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை; இரண்டும்தான்.

“அவரேதான்டி,” என்றாள். “இதைப் போய் வேகமாக்கிடாத.”