ஞானஜோதியின் சாட்சி, என் கையெழுத்தில்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

1975 ஜூலை. எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில், பெண்கள் வார்டில் என் மனைவி அன்னபாக்கியம். நிமோனியா. ஆண்கள் வார்டில் பிச்சைமணி. தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல்மரத்தைக் கழிக்கும்போது கிளை முறிந்து தலையில் விழுந்திருந்தது. இரண்டு வார்டுக்கும் நடுவே ஒரு தாழ்வாரம். அங்கே நானும் பிச்சைமணியின் மனைவி ஞானஜோதியும் பதினோரு நாள் முழங்காலில் நின்றோம். அன்னபாக்கியம் இறந்தாள். பிச்சைமணி பிழைத்தான்.

கதை இவ்வளவுதான். மீதி என் வயிற்றெரிச்சல்.

2

முதல் தொடக்கம்: "பள்ளிவாசல் எஸ்டேட்டுக்கு மேலே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு"

(நிறுத்திவிட்டேன். இதில் மழைக்குப் பொறுப்பில்லை.)

இரண்டாவது தொடக்கத்தில் பிச்சைமணியைக் கொன்றேன். ஒன்றரை வரி போதுமானதாக இருந்தது. அன்னபாக்கியம் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கேட்கும் விதம் சரியாக வரவில்லை. ஐந்து மாதத்தில் அவள் குரல் எனக்கு மறந்துவிட்டது. அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

3

ஞானஜோதி கொழுந்து பறிப்பவள். எழுதத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தால் உபதேசியார் வாசிப்பார். நான் எஸ்டேட் பள்ளி வாத்தியார், பி.ஏ. போன சனிக்கிழமை இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

(சாட்சி என்பது, கேட்டது கிடைத்தவர்கள் அதை எல்லோர் முன்னும் சொல்வது. கிடைக்காதவர்களுக்கு அப்படி ஒரு நாள் வைக்கவில்லை.)

"சார், குடிகாரன்னு மட்டும் எழுதிராதீங்க" என்றான் பிச்சைமணி.

"எழுதலன்னா சபைக்குத் தெரியாதாக்கும்! மண்டை பொளந்தும் வாய் நிக்குதா பாரு."

ஞானஜோதியின் அந்த ஏச்சின்மீதுகூட எனக்குப் பொறாமை.

'பதினோரு நாள் விடாமல் ஜெபித்தேன்' என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"அது பொய்யி சார். ரெண்டு நாளு ஜெபிச்சேன். பெறகு எனக்கு வார்த்தையே வரல. நீங்க பக்கத்துல சத்தமா ஜெபம் பண்ணுனீங்கல்ல, அதுக்கெல்லாம் ஆமென் சொன்னேன். அம்புட்டுதான்."

"நான் என் மனைவிக்காகத்தான் கேட்டேன்."

"தெரியும் சார். அக்காவுக்குத்தான் சொன்னேன். கூடவே இவரையும் சேத்துக்கிட்டேன்." சற்று யோசித்தாள். "கடைசி ரெண்டு நாளு உங்க உதடு மட்டுந்தான் அசைஞ்சுச்சு. அதுக்கும் ஆமென் சொன்னேன். என்ன கேட்டீங்கன்னு கடைசி வரியில போட்டுருங்க சார். சாட்சி முழுசா இருக்கணும்ல."

4

இதுவரை மறைத்ததை எழுத வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நாளும் நான் கேட்டது இது: ஒருவர் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், ஆண்டவரே, அந்தப் பக்கத்து வார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

அதற்குத்தான் அவள் ஆமென் சொல்லியிருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு, முழு மனதோடு.

(அது ஜெபமே இல்லை என்பீர்கள். எனக்குத் தெரியவில்லை. கொடுப்பார் என்று நான் முழுதாக நம்பியது அந்த இரண்டு நாள்தான்.)

அவள் பங்கு போட்டுக்கொண்டது என் ஜெபம். பதில் மட்டும் அவள் வீட்டுக்குப் போனது. அதை எப்படி மன்னி

5

முடிவு ஒன்று: 'இருவருக்கும் சுகம் கேட்டேன்' என்று எழுதுகிறேன். சபை ஸ்தோத்திரம் சொல்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது; அதனால்தான் பிடிக்கவில்லை.

இன்னொன்று: உள்ளதை எழுதுகிறேன். உபதேசியார் பாதியில் நிறுத்துகிறார். ஞானஜோதியால் இனி யார் பக்கத்திலும் முழங்காலில் நிற்க முடியாமல் போகிறது.

இன்று ஞாயிறு. முதல் மணி அடித்தாயிற்று. கடைசி வரியையும் எழுதிவிட்டேன். எது என்று உங்களிடம் சொல்லப் போவதில்லை.

வாசலில் இருவரும் வந்து நின்றார்கள். தாளை ஞானஜோதியிடம் நீட்டினேன். பிச்சைமணி வாங்கிக்கொண்டான்.

"பொறு புள்ள, என்னைப் பத்தி என்ன எழுதிருக்காருன்னு பாப்போம்."

எழுத்துக் கூட்டி வாசிப்பான். எனக்குத் தெரியாமல் போயிற்று. படியில் உட்கார்ந்து, முதல் வரியில் விரலை வைத்து, சத்தமாக ஆரம்பித்திருக்கிறான். அவள் குனிந்து கேட்கிறாள். மொத்தம் பதினாறு வரி. அவன் மெதுவாகத்தான் வருவான். அதற்குள், படிக்கத் தெரிந்த நீங்கள், கடைசி வரியில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.