பெடல் இல்லாத சைக்கிள்

"நான் கை தூக்கினதை நீ பாத்தியாடி?"

குழுக் கூட்டம் முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அத்தை என்னிடம் இதைக் கேட்டாள். பார்த்தேன் என்று தலையாட்டினேன்.

அத்தை தையல்காரி. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நான் அவளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வரலாற்றுக் குழுவினர் ஒரு பேனருக்கு ஓரம் அடிக்க வந்தபோதுதான் பழக்கம். "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பீங்க, எங்களோட வாங்க மேடம்" என்றார் தலைவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதுவரை அத்தையை யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை. அன்று வந்த துணியையெல்லாம் தள்ளி வைத்துவிட்டுத் தனக்கென்று ஒரு ரவிக்கை வெட்டினாள்.

பழைய கிணறு, பழைய பாலம், பழைய சிறைச்சாலை என்று ஞாயிறுதோறும் போனோம். குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. எதன் மீதும் கை வைப்பதற்கு முன் எல்லோரும் சம்மதம் என்று கை தூக்க வேண்டும். ஒரு கை குறைந்தாலும் அந்த வேலையைத் தொட மாட்டார்கள். வயது போதாததால் எனக்கு அந்த உரிமை இல்லை. "பாப்பாவுக்குக் காது மட்டும்தான், கை கிடையாது" என்று குழுவில் இருந்த மருந்துக்கடைக்காரர் கிண்டல் செய்வார்.

அத்தை அப்படிக் கேட்ட அன்றைய கூட்டத்துக்குத் தலைவர் ஒரு பழைய புகைப்படம் கொண்டுவந்தார். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் பயணியர் விடுதியின் படம். முகப்புச் சுவரில் விடுதியின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. இப்போது அதே இடத்தில் வாடகை சைக்கிள் கடை விளம்பரம்.

"மேல இருக்கிற பெயின்டைச் சுரண்டினாப் போதும், அடியில பழைய எழுத்து அப்படியே இருக்கும்!" என்றார்.

அந்த விளம்பரத்தை வரைந்தவர் என் மாமா, அத்தையின் கணவர். அவர் எழுதிய மற்ற பலகைகளெல்லாம் எப்போதோ போய்விட்டன. கடை மூடிக் கிடந்ததால் இது ஒன்று தப்பியிருந்தது. அதில் வரைந்த சைக்கிளுக்குப் பெடல் போட மறந்துவிட்டார். "பெடல் இல்லாம எப்படிய்யா ஓட்டுறது?" என்று கடைக்காரர் சண்டைக்கு வர, "இறக்கத்துல ஓட்டச் சொல்லுங்க" என்றாராம் மாமா. மாமா இறந்த பிறகும், பேருந்து அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் அத்தை ஜன்னலோரம் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். "பாருடி உங்க மாமா லட்சணத்தை."

இது குழுவில் யாருக்கும் தெரியாது.

"யாரோ ஒரு பெயின்டர் கிறுக்கினதுதானே, போனாப் போகட்டும்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

கைகள் உயர்ந்தன. அத்தையின் கை மட்டும் மடியில் கிடந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"மேடம்? உங்களுக்காகத்தான் காத்திருக்கோம்."

அத்தை சிரித்தாள். அவள் கையும் உயர்ந்தது.

ஞாயிறு காலை கிளம்பும்போது, "வேண்டாம்னு சொல்லிடேன் அத்தை" என்றேன்.

"தூக்கின கையை எப்படிடி இறக்குறது? படிச்சவங்க நடுவுல மூக்கைச் சிந்திக்கிட்டு நிக்கச் சொல்றியா?"

சுவரை நனைத்து ஆளுக்கொரு சுரண்டும் தகடு கொடுத்தார்கள். அத்தைக்குக் கிடைத்தது சைக்கிள் இருந்த மூலை. முன்சக்கரத்தின் ஓரத்தில் மெல்ல ஆரம்பித்தாள். தைத்த துணியில் தையலைப் பிரிப்பதுபோல அவ்வளவு மெதுவாகச் சுரண்டினாள். மற்றவர்கள் வேகமாக இருந்தார்கள். விளம்பர எழுத்துகள் போயின. அடியில் எதுவும் தெரியவில்லை. ஊறிய பூச்சு பாளம் பாளமாக விழுந்து செங்கல் வெளியே வந்தது.

தலைவர் புகைப்படத்தைச் சுவரோடு வைத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

"படத்துல ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கு, இங்க அந்தப் பக்கம். இது பிற்பாடு கட்டின சுவர் போலிருக்கு. நான் முன்னாடியே பாத்திருக்கணும்."

"விடுங்க சார். நஷ்டம் ஒண்ணும் இல்லையே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அத்தைக்கு எதிரே சைக்கிளின் இருக்கையும் பின்சக்கரத்தில் பாதியும் மிஞ்சியிருந்தன. தலைவர் அவளைப் பார்த்துக் கேட்டார்: "மேடம், டீ சொல்லட்டுமா?"

அத்தை தகட்டை வாளி நீரில் கழுவி, துடைத்து, அவர் கையில் கொடுத்தாள். முந்தானையை உதறினாள். சைக்கிளின் நீல நிறத் தூள் கொஞ்சம் பறந்தது. வீட்டுக்குப் போகும் பேருந்து வந்து நின்றும் ஏறாமல், தெருவைக் கடந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.