சமபந்தி விருந்துக்குத் தண்ணீர்

1932ஆம் ஆண்டு ஜூலை மாதம், கோலாலம்பூருக்குத் தெற்கே பூச்சோங் சாலையில் இருந்த ஒரு தொழிற்கல்லூரி விடுதியில் நாற்பத்தொரு தமிழ் மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். முப்பத்தைந்து பேர் சாப்பாட்டுக் கூடத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஆறு பேருக்குப் பின்தாழ்வாரத்தில் இலை போடப்பட்டது.

பவுனம்மாள் அந்த விடுதியின் கக்கூஸ் வாளிகளை எடுப்பவள். காலை ஐந்தரைக்குத் தொடங்கி, பதினெட்டு வாளிகளையும் கைவண்டியில் தள்ளிப்போய், மேட்டுக்கு அப்பால் இருந்த குழியில் கொட்டி, ஓடையில் கழுவி, ஏழு மணிக்குள் திரும்ப வைத்துவிடுவாள். குடிதண்ணீருக்குச் சமையற்கட்டுக் கிணற்றிலிருந்து இருபதடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சமையற்காரர் இராமலிங்கம் கை ஒழிந்த நேரத்தில் இறைத்து வந்து உயரத்திலிருந்து ஊற்றுவார். சில நாள் பத்து நிமிடம் ஆகும். சில நாள் ஒரு மணி நேரம். பதினோரு வருடமாக அப்படித்தான்.

புருஷன் ஈயச் சுரங்கத்தில் மண் சரிந்து செத்த பிறகு அவளுக்கு இருந்தவை இந்த வேலையும், வாளிக் கொட்டகையை ஒட்டிய ஓர் அறையும்தான். ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வேலை இல்லாதவர்களை அரசாங்கம் இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் சபாபதி அவள் அறை வாசலுக்கு வந்தான். பிரிக்பீல்ட்ஸில் இருந்த ரயில்வே குமாஸ்தா ஒருவரின் மகன். கடைசி வருட மாணவன். மாணவர் சீர்திருத்தச் சங்கத்தின் காரியதரிசி. அதுவரை "ஏ பவுனு" என்று கூப்பிட்டவன் அன்று "அம்மா" என்றான். தாழ்வாரப் பந்தியை ஒழிப்பதற்காகச் சங்கம் ஒரு விருந்து நடத்தப்போவதாகவும், அவள் சமைத்து அவளே பரிமாற வேண்டும் என்றும், பிரின்சிபல் துரை அனுமதி கொடுத்துவிட்டார் என்றும் சொன்னான்.

அவள், "வேலைக்கு ஒண்ணும் வந்துடாதே, தம்பி?" என்று கேட்டாள்.

"நாங்க நாப்பது பேரு இருக்கோம். உங்கள யாரு என்ன செஞ்சிட முடியும்?"

விருந்து ஞாயிற்றுக்கிழமை. விஷயம் தெரிந்ததும் இராமலிங்கம் சமையற்கட்டுச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, சனிக்கிழமையே கிள்ளானில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பவுனம்மாள் ஓடையில் மூன்று முறை முழுகினாள். சங்கத்தார் வாங்கிக் கொடுத்த வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டாள். பிறகு சமையற்கட்டுக் குடங்களை எடுத்து, கிணற்றுக்கு இருபதடி தள்ளி வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அரைமணி நேரம் யாரும் வரவில்லை.

வரவேற்புத் தட்டி ஒட்டுவதற்காக மாவுப் பசை கலக்கிக்கொண்டிருந்த சபாபதி குச்சியோடு வந்து, ஏன் இன்னும் அடுப்பு மூட்டவில்லை என்று கேட்டான்.

"தண்ணி யாரு ஊத்துவாங்க, தம்பி?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "கெணறு இந்தா இருக்கு. நீங்களே எறைங்க. அதெல்லாம் இன்னியோட முடிஞ்சு போச்சு."

அவளுக்கு இறைக்கத் தெரியவில்லை. வாளி தண்ணீரில் கவிழாமல் மிதந்தது. கயிற்றை எப்படிச் சுண்டினால் வாளி சாயும் என்று கண்டுபிடிக்கப் பல தடவை ஆயிற்று. முப்பது வாளிக்கு மேல் இறைத்தாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது.

விருந்துக்கு வருவதாகக் கையெழுத்துப் போட்டவர்கள் நாற்பது பேர். உட்கார்ந்தவர்கள் பத்தொன்பது பேர். தாழ்வாரத்து மாணவர்களில் இருவர் வரவில்லை. இருவரும் கல்லூரி உதவிப்பணத்தில் படித்தவர்கள். சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தது. "சமத்துவம்னா மொதல்ல கொஞ்சம் கரிக்கத்தான் செய்யும்" என்று ஒருவன் சொல்ல, பந்தி முழுவதும் சிரித்தது. பட்டணத்திலிருந்து வந்த போட்டோக்காரர் இரண்டு படம் எடுத்தார். சபாபதி இருபது நிமிடம் பேசினான். அவளை உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இலைகளை எடுத்து எறிந்துவிட்டு, மிஞ்சிய சோற்றை அறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை திரும்பிய இராமலிங்கம், தண்ணீர் இறைத்தது யார் என்று அவளிடம் கேட்டார். தான்தான் என்றாள். அவர் சத்தம் போடவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கு நடந்தார்.

விசாரணை புதன்கிழமை நடந்தது. கக்கூஸ் வேலை செய்பவர்கள் சமையல் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சுகாதார விதி இருந்தது. விருந்து மாணவர்களுடைய சொந்த விஷயம், கிணறு கல்லூரியுடையது என்று துரை சொன்னதைப் ஆபீஸ் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி வேலாயுதம் அவளுக்குத் தமிழில் சொன்னார். கிணற்றைத் தொடச் சொன்னது யார் என்று துரை சபாபதியைக் கேட்டார். வெளியே பெஞ்சில் சபாபதியின் தகப்பனார் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மராமத்து இலாகா வேலைக்குச் சபாபதியைச் சிபாரிசு செய்யும் கடிதம், கையெழுத்து ஆகாமல் துரையின் மேசைமேல் இருந்தது.

சபாபதி ஆங்கிலத்தில் பதில் சொன்னான். வேலாயுதம் அவள் பக்கம் திரும்பினார்.

"விருந்துக்கு அவங்க சங்கம் பொறுப்புங்கிறாரு. கெணத்தத் தொடச் சொல்லி யாரும் சொல்லலியாம். நீ ஏதாச்சும் சொல்லணுமா?"

அவள் சபாபதியைப் பார்த்தாள். அவன் மேசைமேல் இருந்த மைக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மறந்திருக்குங்க," என்றாள். "தம்பி அப்ப பசை கலக்கிக்கிட்டு இருந்தாரு."

வேலாயுதம் அதை மொழிபெயர்க்கவில்லை.

மாணவர்களுக்கு எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. தாழ்வாரப் பந்தியை ஒழிக்கக் கேட்டு அவர்கள் கொடுத்திருந்த மனு ஏற்கப்பட்டு, செப்டம்பர் முதல் நாற்பத்தொரு பேரும் கூடத்துக்குள் சாப்பிட உத்தரவானது. இராமலிங்கம் வேலையில் தொடர ஒரு நிபந்தனை வைத்தார். அதன்படி நான்கு ஆட்கள் இரண்டு நாள் கிணற்றை அடிவரைக்கும் இறைத்து, சுண்ணாம்பு போட்டார்கள். வேலை போன பவுனம்மாள் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்தாள். அன்று மாணவர்கள் வகுப்பில் இருந்தார்கள்.

கிள்ளான் வரைக்கும் ஏழு தோட்டங்களில் கேட்டுப் பார்த்தாள். எங்கும் ஆள் எடுக்கவில்லை. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி, போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுக முகாமில் கப்பலுக்குப் பெயர் எழுதும் வரிசையில் நின்றாள்.

"இந்தியாவுல எந்த ஊரு?" என்று முகாம் கிராணி கேட்டார்.

நாலு வயதில் தாயோடு வந்ததாகவும், தாய் ஊரின் பெயரைச் சொல்லாமலே செத்துப்போனதாகவும் சொன்னாள். கிராணி, கப்பல் போய்ச் சேரும் துறைமுகத்தின் பெயரை ஊர் என்ற இடத்தில் எழுதினார். நாகப்பட்டினம். அதற்கு அடுத்து, திரும்பிப் போவதற்கான காரணம் என்ற இடத்தில், முன்னால் போன எல்லோருக்கும் எழுதியதையே எழுதினார். சொந்த விருப்பம்.

கப்பல் இருபத்தொன்றாம் தேதி புறப்பட்டது.