மூன்று வாளித் தண்ணீரும் ஒரு சிறுநீர்ப்பையும்

1

இந்தக் கதை ஒரு பாடநூல் படத்திலிருந்து வந்தது. மேலே சிறுநீரகங்கள், அவற்றிலிருந்து இறங்கும் குழாய்கள், நடுவில் பை, கீழே வெளியேறும் வழி. தொடக்கம், நடு, முடிவு எல்லாம் ஒழுங்காக இருந்தன. என் கதை எதற்கும் அது வாய்த்ததில்லை. பொறாமையில் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "மனித உடலில் சிறுநீரகங்கள் இரண்டு. வலது சற்றுத் தாழ்ந்திருக்கும், ஏனெனில் கல்லீரல்..."

(கைவிட்டேன். இதைப் படிக்க உங்களுக்குப் பட்டம் தர வேண்டியிருக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "ஜனவரிப் பனியில் நெவேனா உடற்கூறியல் தேர்வுக்குக் கிளம்பியபோது, அவளது எதிர்காலம்..."

(எதிர்காலம் என்ற சொல் வந்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. ஆனால் நெவேனா தங்கிவிட்டாள்.)

2

நெவேனா இரண்டு முறை தோற்றவள். இது மூன்றாவது, கடைசி. தோற்றால் கல்லூரியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்.

பல்கேரியாவில் தேர்வுக்குப் போகிறவர் காலடியில் தண்ணீர் ஊற்றுவோம். அந்தத் தண்ணீர்போலக் காரியமும் தங்குதடையின்றி ஓட வேண்டும். இரண்டு முறையும் ஓடவில்லை. அவள் குடியிருந்த கட்டடம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது.

"ஒரு செம்பு ஊத்தினோம்ல, பத்தல," என்றாள் மூன்றாம் மாடி ஸ்தோயன்கா.

"நான் படிச்சது பத்தலக்கா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுடி. வாசலைத் தாண்டு."

மாடிக்கு ஒரு வாளி. மூன்று மாடி இறங்குவதற்குள் நெவேனாவின் காலணிகளுக்குள் குளம் கட்டியது.

(அடிக்குறிப்பு: கால் குளிர்ந்தால் சிறுநீர்ப்பை முட்டுவது ஏன் என்று அவள் படித்திருந்தாள். படித்தது உதவவில்லை.)

3

பேராசிரியர் ஹரலாம்பியெவை முதலில் கொடியவராகத்தான் எழுதினேன். பிறகு வயது அறுபத்தெட்டு என்று போட்டேன். புராஸ்டேட் சுரப்பியின் வீக்கமும் கூடவே வந்து சேர்ந்தது. கொடுமையில் பாதி போயிற்று.

வாய்மொழித் தேர்வுக்கு அவருடைய விதிகள் மூன்று. கேள்விச் சீட்டை எடுத்த மாணவர் இடத்தைவிட்டு எழுந்தால் தோல்வி. தேர்வு நடத்துபவர் எழுந்தால் தேர்வு முடிந்தது, அதுவரை கேட்ட பதிலுக்கே மதிப்பெண். மாணவர் "முடிஞ்சது" என்று சொல்லும்வரை தேர்வு நடத்துபவர் குறுக்கே பேசக்கூடாது. முப்பது ஆண்டுகளில் அவர் எழுந்ததே இல்லை.

"வாம்மா. மூணாவது தடவை. இந்த ரூமுக்கு வாடகை குடுக்கறியா?"

நெவேனா சீட்டை எடுத்தாள். முதல் கேள்வி, சிறுநீர் மண்டலம். மனப்பாடம். இரண்டாவது, உட்காது. அதில் அவளுக்குத் தெரிந்தது காது இரண்டு என்பது மட்டும்.

ஆகவே அவர் எழும்வரை முதல் பதில் முடியக்கூடாது.

"சிறுநீரகத்துல உருவாகுது, ஐயா. சொட்டு... சொட்டா."

அவர் காலை மாற்றிப் போட்டார். அவள் கவனித்தாள். அவளும் மாற்றிப் போட்டாள்.

"அங்கேருந்து குழாய். இருபத்தஞ்சு, முப்பது சென்டிமீட்டர். சும்மா விழுறதில்ல, தசை அலையலையாச் சுருங்கித் தள்ளும். ஒரு அலை. அப்புறம் இன்னொரு அலை. குழாய் குறுகுற இடம் மூணு..."

மூன்றையும் சொன்னாள். ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் தங்கினாள். பேராசிரியரின் நெற்றி வியர்த்தது. வெளியே பனி.

"பை நிரம்ப நிரம்ப விரியும். ஐந்நூறு மில்லி வரை. ஆண்களுக்கு அதுக்குக் கீழே புராஸ்டேட் சுரப்பி. வயசானா பெருத்து, வெளியேறுற குழாயை நெரிக்கும். அவங்களால ரொம்ப நேரம்..."

"தெரியும்!"

"நீங்க குறுக்க பேசக்கூடாது, ஐயா. உங்க விதி."

அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?"

"பெண்களுக்கு வெளியேறுற குழாய் நாலு சென்டிமீட்டர்தான், ஐயா. ஆனா மெதுவாத்தான் சொல்ல முடியும்."

(இந்த இடத்தில் அவளுடைய நிலைமை அவருடையதைவிட மோசம். நியாயமாக இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.)

4

இனி மிச்சம், பையின் வாயை இறுக்கி மூடும் சுருக்குத்தசைகள் இரண்டு. உள்ளே இருப்பது நம் பேச்சைக் கேட்காது. வெளியே இருப்பது கேட்கும், ஓரளவு.

முடிவு அ: அவர் எழுகிறார். அவள் தேறுகிறாள். (அவளுக்கு நல்லது. கதைக்குச் சந்தேகம்.)

முடிவு ஆ: அவள் எழுகிறாள். (துயர முடிவு என்று விமர்சகர் பாராட்டுவார். அந்த விமர்சகரின் பை காலியாக இருக்கும்.)

முடிவு இ: இருவரும் ஒன்றாக எழுகிறார்கள். அந்த மாடியில் கழிப்பறை ஒன்றுதான். இதற்கு அவர் விதி எழுதவில்லை, நானும் எழுத...

"வெளிச் சுருக்குத்தசை," என்கிறாள் நெவேனா. இரு கைகளாலும் நாற்காலியைப் பற்றியிருக்கிறாள். அவளிடம் மிச்சமிருப்பது ஒரே வாக்கியம். ஹரலாம்பியெவ் கதவைப் பார்க்கிறார்.

அந்த வாக்கியத்தை உங்களிடம் விடுகிறேன். நிதானமாக யோசியுங்கள். உங்களுக்கு ஒன்றும் அவசரமில்லை.